கண் முன்னே வறுத்த காப்பி

காப்பித்தூள் கடைக்குப் பெயர்ப்பலகை அவசியமில்லை. ஊருக்குப் புதியவராக இருந்தாலும் கவலையில்லை. கடைவீதியில் நடந்தால் போதும், மூக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சரியான படியில் நிறுத்திவிடும். ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. பூக்கடைக்கு உண்டு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பூவின் மணம் பூவோடு பிறந்தது. காப்பியின் மணம் அப்படிப்பட்டதல்ல.

பச்சைக் காப்பிக் கொட்டையை எப்போதாவது கையில் எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். காய்ந்த புல்லையும் பச்சைப் பயற்றையும் ஒன்றாகக் குலுக்கி வைத்தாற்போல் ஒரு வாடை. அதை அப்படியே இடித்து வெந்நீரில் போட்டுக் கொடுத்தால், எவ்வளவு மரியாதை தெரிந்த விருந்தாளியும் இரண்டாவது மிடறு விழுங்கமாட்டார். நாம் விடியற்காலையில் எதற்காக ஏங்கி எழுந்து உட்காருகிறோமோ, அந்த மணம் கொட்டையில் ஒளிந்து கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது நெருப்பு. நெருப்பைக் கட்டி ஆளுகிறவர் வறுப்பவர்.

தமிழ் எழுத்தாளர்கள் காப்பியைப் பற்றி எழுதியதற்குக் குறைவில்லை. டபராவைப் பற்றியும், பித்தளைப் பில்டரைப் பற்றியும், முதல் டிகாக்‌ஷனின் மகிமையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நானும் என் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களைக் காப்பி குடிக்க வைத்திருக்கிறேன். கதை நகராமல் மக்கர் செய்யும்போது, "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்ற ஒரு கேள்வி செய்கிற உதவியை வேறு எதுவும் செய்வதில்லை. ஆனால் குடித்தவர்கள் எழுதினார்களே தவிர, வறுத்தவர்களைப் பற்றி யாரும் அதிகமாக எழுதவில்லை. காப்பியை யார் வறுத்தார்கள், எங்கே வறுத்தார்கள், யார் பார்க்க வறுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு சுவாரசியமான சரித்திரம் கிடைக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காப்பிச் செடியின் பிறந்த வீடு எத்தியோப்பியா. ஆடு மேய்த்தவன் ஒருவன், தன் ஆடுகள் ஏதோ ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் கூத்தாடுவதைக் கண்டான் என்ற கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை 1671-ல் ரோமாபுரியில் இருந்த நைரோன் என்ற பண்டிதர் எழுதி வைத்தார். அதற்கு முன்னதாகவே, பதினைந்தாம் நூற்றாண்டில், செங்கடலுக்கு அக்கரையில் ஏமன் நாட்டு சூபிகள் இரவுத் தொழுகையில் கண் அயராமல் இருக்கக் காப்பியைப் பருகினார்கள். ஆடுகளின் கதை எப்படியும் போகட்டும். எத்தியோப்பியாவில் இன்றும் நடக்கிற ஒரு வழக்கம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

அங்கே ஒரு வீட்டுக்கு விருந்தாளி போனால், வறுத்து அரைத்து டப்பாவில் வைத்த தூளைப் போட்டுக் காப்பி கொடுப்பது மரியாதையாகாது. வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவிச் சிறிய தட்டையான சட்டியில் இட்டு, கரி நெருப்பின் மேல் விருந்தாளியின் எதிரிலேயே வறுக்கிறாள். கொட்டை கறுத்துப் புகையத் தொடங்கியதும் சட்டியை எடுத்து ஒவ்வொருவர் அருகிலும் கொண்டுபோய்க் காட்டுகிறாள். அந்தப் புகையைக் கையால் தம் பக்கம் வீசி முகர்ந்து, நன்றாயிருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இடிப்பதும் காய்ச்சுவதும். விருந்தாளி முதலில் சாட்சி, அப்புறம்தான் குடிக்கிறவர். இந்தச் சாட்சி விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஊர்க் கடைவீதிக்கு வரும்போது தேவைப்படும்.

வறுக்கிற மணத்தை ஒளித்து வைக்க முடியாது. இதை நன்றாகத் தெரிந்துகொண்டு லாபம் பார்த்தவர் பிரஷ்ய தேசத்து அரசர் மகா பிரெடரிக். காப்பிக்காகத் தம் நாட்டுப் பணம் வெளியே போகிறதே என்று அவருக்கு மகா வருத்தம். 1777-ல் ஓர் அறிக்கை விட்டு, குடிமக்கள் தம் மூதாதையரைப் போல் பீர் குடிக்கவேண்டும் என்று புத்திமதி சொன்னார். புத்திமதி பலிக்கவில்லை. 1781-ல் சட்டம் போட்டார். அரசாங்கம் வறுத்த காப்பியைத்தான் வாங்கவேண்டும், தனியார் வறுக்கக்கூடாது, பிரபுக்கள், பாதிரிமார், உத்தியோகஸ்தர்கள் போன்ற மேட்டுக்குடியாருக்கு மட்டும் வறுப்பதற்கு உரிமைச் சீட்டு. குடித்ததற்காக ஒருவனைப் பிடிப்பது கஷ்டம். வறுத்ததற்காகப் பிடிப்பது சுலபம். போரில் அங்கஹீனமடைந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களை அதற்காக நியமித்தார்கள். வீதி வீதியாகப் போய் மூக்கை நீட்டி, எந்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்து காப்பி மணம் வருகிறது என்று மோப்பம் பிடிப்பது அவர்களுடைய உத்தியோகம். ஜனங்கள் அவர்களுக்கு 'காப்பி முகர்கிறவர்கள்' என்றே பெயர் வைத்தார்கள். அரசர் 1786-ல் காலமானார். மறு வருஷமே அந்த ஏகபோகமும் காலமாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் காப்பிக்குப் பதிலாகப் புகுந்த ஒரு வேர் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் பெயர் சிக்கரி. நெப்போலியன் 1806-ல் இங்கிலாந்தின் கப்பல் வியாபாரத்தைத் தடுத்தபோது அது பிரான்சிலும் ஊன்றிக்கொண்டது. அந்த வேர் நம் வீட்டு டப்பாவுக்கு வந்து சேர்ந்த கதைக்கு வருவோம்.

அதற்கு முன்னால் அமெரிக்காவை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அமெரிக்கக் குடும்பங்களும் பச்சைக் கொட்டையைப் பலசரக்குக் கடையில் வாங்கி, வீட்டு அடுப்பில் வாணலியில் வறுத்தவைதாம். 1864-ல் நியூயார்க்கில் ஜாபேஸ் பர்ன்ஸ் என்பவர் ஒரு புதிய வறுக்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உருளையை நெருப்பின் மேலிருந்து தூக்காமலே, வறுத்த கொட்டை தானாக வெளியே வந்து விழும்படி செய்தது அதன் விசேஷம். கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் ஒரு ஈடு முடிந்ததும் அடுத்த ஈடு, அது முடிந்ததும் இன்னொன்று என்று நாள் முழுவதும் நிறுத்தாமல் வறுக்க அதனால் முடிந்தது. அதை வாங்கி உபயோகித்தவர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க் நகரத்து மளிகை வியாபாரி ஜான் ஆர்பக்கிள். வறுத்த கொட்டையைக் காகிதப் பைகளில் அடைத்து விற்றார். வறுத்த கொட்டை சீக்கிரம் மணம் இழந்துவிடுமே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, 1868-ல் காப்புரிமை வாங்கினார். முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சைக் கொட்டையின் மேல் பூசுகிற முறை. பைக்கு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயும் உள்ளே வைத்தார். குழந்தைகளே பெற்றோரைக் கடைக்கு அனுப்பியிருப்பார்கள்.

1900-ல் ஹில்ஸ் சகோதரர்கள் என்ற சான்பிரான்சிஸ்கோ வியாபாரிகள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தகர டப்பாவில் காப்பியை அடைத்தார்கள். அதன் பிறகு ஊருக்கு ஊர் இருந்த சின்ன வறுப்புக்காரர்களுக்குப் பிழைப்பு குறைந்துகொண்டே போயிற்று. வறுப்பு வீட்டை விட்டுக் கடைக்குப் போய், கடையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய், கடைசியில் ஜனங்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. 1938-ல் சுவிட்சர்லாந்தில் நெஸ்கபே வந்தபோது, கொட்டை என்று ஒன்று உண்டு என்பதே மறந்து போகிற நிலைமை. வெந்நீர் இருந்தால் போதும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

பாபா புதான் என்ற சூபி மகான் பதினேழாம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பும்போது ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது ஐதிகம். அந்த மலைகள் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டம் போட ஆரம்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். நீலகிரியிலும் குடகிலும் வயநாட்டிலும் காடு அழிந்து காப்பி முளைத்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில் கண்டிச் சீமையில் முளைத்த காப்பிக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூலிகளாக நடந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. 1869-ல் இலங்கைச் செடிகளின் இலையில் துருப்பிடித்தாற்போல் ஒரு பூஞ்சை நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி அநேகமாக அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்து உட்கார்ந்தது. தோட்டம் மாறியது, கூலிகள் மாறவில்லை.

இதில் ஒரு விசித்திரம். நெடுங்காலம் தமிழன் காப்பியைப் பறித்தான், சுமந்தான், உலர்த்தினான்; குடிக்க மட்டும் இல்லை. கொட்டை பச்சையாகவே மூட்டை கட்டப்பட்டுக் கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அது தமிழ் நடுத்தர வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தது. அதுவரை காலையில் நீராகாரமும் பழையதும் இருந்த இடத்தில் காப்பி வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அது உடம்பைக் கெடுக்கும், பெண்களைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்று பத்திரிகைகளில் எழுதாதவர்கள் இல்லை. எழுதி முடித்துவிட்டு அவர்களில் எத்தனை பேர் ஒரு வாய் காப்பி குடித்தார்களோ, அதற்குச் சாட்சியம் இல்லை.

அடுக்களைக்குள் வந்தது பச்சைக் கொட்டைதான். அதை வறுக்க வீட்டுக்கு வீடு ஓர் இரும்பு உருளை இருந்தது. எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்ததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரு முழ நீளம், பக்கத்தில் சின்னக் கதவு, இரண்டு முனையிலும் கம்பி, ஒரு முனையில் கைப்பிடி. குமுட்டி அடுப்பில் கரியைக் கனியவிட்டு அதன் மேல் உருளையைத் தாங்கலில் வைத்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இப்படி வாரத்துக்கு ஒரு தடவையாவது வறுப்பார்கள். அப்புறம் ஜன்னல் பலகையில் திருகி மாட்டிய கை மிஷினில் அரைப்பார்கள். "உன் பாட்டி சுற்றுவதை நிறுத்தவே மாட்டாள். யாராவது கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டாள்" என்று என் தாயார் சொல்லுவாள்.

திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கிறது. சூடு ஏற ஏற அந்த ஈரம் வெளியேறி, கொட்டை மஞ்சளாகிறது. ரொட்டி சுடுகிறாற்போல் ஒரு வாசனை வருகிறது. அதன் பிறகு பழுப்பாகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, உள்ளே அடைபட்ட ஆவி வெளிவர, கொட்டை பொரிகிறாற்போல் படபடவென்று வெடிக்கிறது. இது முதல் வெடிப்பு. கொட்டை பருத்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தோல் உமி போல் பறக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால், 225 டிகிரியை ஒட்டி, இரண்டாவது வெடிப்பு. இது மெல்லிய சத்தம்; சுள்ளி முறிகிறாற்போல் இருக்கும். எண்ணெய் கசிந்து கொட்டை மினுமினுக்கும். அதற்கும் அப்பால் போனால் கரி. வேண்டிய பதத்துக்கும் கரிக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு நிமிஷம்தான். உருளைக்குள் கண்ணால் பார்க்க முடியாது. காதும் மூக்கும்தான் கடிகாரம். எடுத்த பிறகும் ஆறுதல் இல்லை. கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபட்டுக்கொண்டு போகும். உடனே முறத்தில் கொட்டி விசிறவேண்டும்.

வெப்பமானியும் கிடையாது, புத்தகமும் கிடையாது. இத்தனை நுட்பத்தையும் நம் வீட்டுப் பெண்கள் பழக்கத்தால் கற்றுக்கொண்டார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கலைஞர்கள் என்று அழைக்கவில்லை. வறுக்கிற மணத்தைத் திண்ணையில் உட்கார்ந்து அனுபவித்தவர்கள் ஒருவர்; அந்தப் புகையைக் குடித்தவர்கள் வேறொருவர். வீட்டில் வறுத்த காப்பிக்கு ஈடில்லை என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால், நீங்கள் எத்தனை தரம் கைப்பிடியைச் சுற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. உருளை பரணுக்குப் போனதில் என் பாட்டிக்கு ஒரு துளி வருத்தமும் இருந்ததில்லையாம்.

ஆனால் இங்கேதான் நம் கதை அமெரிக்கக் கதையிலிருந்து பிரிகிறது. அங்கே வீட்டை விட்டுப் புறப்பட்ட வறுப்பு, தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் அது பெரும்பாலும் தெரு முனையோடு நின்றுவிட்டது. மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் மதுரையிலும் சேலத்திலும் காப்பித்தூள் கடைகள் தோன்றி, கடையிலேயே கொட்டையை வறுத்து, கேட்டவுடன் அரைத்துக் கொடுத்தன. பெரிய பெயர் எடுத்த வியாபாரிகளும் டப்பா விற்பனையும் இல்லாமலில்லை. இருந்தும் வாடிக்கைக்காரர் கடைப் படியேறி, மிஷினுக்கு எதிரே நின்று, தம் தூள் சூடாகப் பையில் விழுவதைப் பார்த்து வாங்கிப் போகிற பழக்கம் இன்றுவரை நீடித்து வருகிறது.

ஏன் நின்றது? மணத்துக்காக என்று சொல்லலாம். அது பாதி உண்மை. அரைத்த தூள் சில நாளில் மணமிழக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது புத்திசாலித்தனம். மீதிப் பாதி உண்மைக்குச் சந்தேகம் என்று பெயர். கொட்டையாக இருக்கும் வரையில் காப்பியைக் காப்பி என்று கண் சொல்லிவிடும். தூளான பிறகு யார் சொல்வது? புளியங்கொட்டையையும் பேரீச்சங் கொட்டையையும் கருக வறுத்துப் பொடித்துக் காப்பித்தூளில் கலக்கிற கைங்கரியம் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்திருக்கிறது. 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்ததே இந்த மாதிரிக் கைங்கரியங்களுக்காகத்தான். ஆகவே நம் இல்லத்தரசிகள் சட்டத்தைவிட நிச்சயமான ஒரு வழியைக் கையாண்டார்கள். 'என் கண் முன்னே வறு, என் கண் முன்னே அரை' என்று நின்றார்கள். எத்தியோப்பியாவில் விருந்தாளி வகிக்கிற சாட்சி ஸ்தானத்தை நம் கடைவீதியில் வாடிக்கைக்காரர் வகித்தார். அங்கே அது மரியாதை. இங்கே அது முன்ஜாக்கிரதை.

சிக்கரியின் கதையும் இதில் சேர்ந்ததுதான். பிரஷ்ய ஏழைகளின் அந்த வேர் இங்கே வந்து குஜராத்தில் பயிராகி, வறுபட்டு, நம் காப்பிக் கடை டின்களில் குடியேறியது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தருகிறது என்பது அதன் கட்சி. காப்பிக் கொட்டையைவிட மலிவு என்பது கடைக்காரரின் கட்சி. சட்டம் இரண்டு கட்சியையும் கேட்டு, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சீட்டில் அச்சிடவேண்டும் என்று தீர்ப்பு வழங்கியது. நம் கடைகளில் இது வாய்மொழியாகவே நடக்கிறது. "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி 20" என்று ஓர் அம்மாள் சொல்ல, கடைக்காரர் கொட்டையைத் தனியாகவும் சிக்கரியைத் தனியாகவும் நிறுத்து, அவர் பார்த்திருக்க மிஷினில் போடுகிறார். அந்த அம்மாளுக்குச் சிக்கரி மேல் கோபமில்லை. தமக்குத் தெரியாமல் கலந்தால்தான் கோபம். சிக்கரியைக் கண்டுபிடிக்க அவருக்கு ரசாயனசாலையும் தேவையில்லை. ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் தூளைத் தூவினால், காப்பித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறத்தில் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும்.

கண்ணெதிரே வறுத்த அந்தக் கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தாம் வறுக்கிற கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது அவருக்கே தெரியாது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பிய மார்க்கெட் அடைபட்டுப் போகவே, காப்பி விலை சரிந்தது. விளைவிப்பவர்களைக் காப்பாற்ற அரசாங்கம் முன்வந்தது. 1942-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்பி வாரியம் எல்லாருடைய விளைச்சலையும் ஒரே குவியலாகச் சேர்த்துக்கொண்டது. வீட்டு உபயோகத்துக்கும் விதைக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மற்றதை வாரியத்திடம் ஒப்படைக்கவேண்டும். ரகத்தையும் தரத்தையும் பார்த்துப் புள்ளி போட்டுத் தவணை தவணையாகப் பணம் கொடுத்தார்கள். வியாபாரிகள் ஏலத்தில் வாங்கினார்கள். பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரொபஸ்டா செர்ரி என்று மூட்டையில் ரகம் இருக்கும். விளைவித்தவர் பெயர் இராது. நன்றாக விளைவித்தவரின் கொட்டையும் ஏனோதானோ என்று விளைவித்தவரின் கொட்டையும் ஒரே சாக்கில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன.

இந்த ஏற்பாடு சிறு விவசாயியைப் பல கெட்ட ஆண்டுகளில் பிழைக்க வைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நல்ல கொட்டைக்குத் தனிப் பெருமை இல்லாமல் செய்தது என்பதும் உண்மை. 1992-லிருந்து கட்டு சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1996-ல் முழுவதும் அவிழ்ந்தது. இன்று ஒரு சின்னக் கடைக்காரர் ஏற்காட்டிலோ சிக்மகளூரிலோ ஒரே தோட்டத்தில் இரண்டு மூட்டை வாங்கி வந்து, தோட்டத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வறுக்கலாம். ஐம்பது ஆண்டுக் காலம் அது நினைத்துப் பார்க்கக்கூடாத காரியமாக இருந்தது.

அமெரிக்காவிலும் காற்றுத் திரும்பியது. ஹாலந்து தேசத்தில் காப்பி வறுப்பவருடைய மகனாகப் பிறந்த ஆல்பிரட் பீட் என்பவர், 1966-ல் பெர்க்லி நகரத்தில் ஒரு சின்னக் கடை திறந்து, அங்கேயே கொட்டையை வறுத்து விற்க ஆரம்பித்தார். தகர டப்பாவுக்குப் பழகிப்போன ஜனங்கள் அதைப் புதுமையாக எண்ணி வந்து குவிந்தார்கள். 1971-ல் ஸியாட்டிலில் ஸ்டார்பக்ஸ் என்ற கடையைத் தொடங்கிய மூன்று இளைஞர்கள் முதலில் அவரிடமிருந்துதான் வறுத்த கொட்டை வாங்கினார்கள். கும்பகோணத்துக் கடைக்காரர் எவராவது அன்றைக்கு அங்கே போயிருந்தால், இதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் அக்காள் மகனால். அவன் கோவையில் ஒரு சின்னக் காப்பிக் கடை வைத்திருக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வந்து, "மாமா, கடையிலேயே வறுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு ஈட்டுக்கு ஐந்து கிலோ வறுக்கிற மிஷின்" என்றான். சேமிப்பு முழுவதும் அதில் போகும். போதாததற்கு மனைவியின் நகைகளை அடகு வைக்கவேண்டும்.

நான் கதைக்காரன், கணக்குப் போடத் தெரிந்தவனல்ல. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து போட்டோம். நூறு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் எண்பதிலிருந்து எண்பத்தைந்து கிலோதான் மிஞ்சும். மற்றது ஆவியாகவும் புகையாகவும் உமியாகவும் போய்விடும். கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கினால், அது வறுபட்டதும் நூற்றிருபது ரூபாய்ச் சரக்கு; காஸும் கரண்டும் ஆள் கூலியும் அதற்கு மேல். முதல் சில மாதம் கை பழகும் வரையில் வீணாகிற ஈடுகளுக்கு ஒரு தொகை. புகைபோக்கியை மாடிக்கு மேலே கொண்டுபோகவேண்டும். மாடியில் குடியிருப்பவர்களுக்குக் காப்பி மணம் பிடித்தாலும் புகை பிடிக்காது. பறக்கிற தோல் புகைபோக்கியில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். வறுத்த கொட்டை சில நாட்களுக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்கும் வரை பொறுத்து அரைத்தால்தான் டிகாக்‌ஷன் ஒழுங்காக இறங்கும். ஆகவே ஒரு வாரச் சரக்குக்கு முதல் முடங்கும். வெளியில் வறுத்த கொட்டையை வாங்குவதைவிடக் கடையில் வறுப்பது மலிவு என்று சொல்ல அந்தக் கணக்கில் இடமில்லை.

"இவ்வளவு தெரிந்தும் ஏன் ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டேன்.

"யாரோ வறுத்துக் கொடுத்ததைத்தான் விற்கிறேன், மாமா. நன்றாயிருந்தாலும் என்னுடையது இல்லை. கெட்டிருந்தாலும் என்னுடையது இல்லை. அது உறுத்துகிறது" என்றான்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மிஷின் வாங்கினான். எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு வந்தது. முன்புறம் வைத்தால் நாலு மேஜை போய்விடும். நாலு மேஜை என்றால் வாடகையில் பாதி. பின்கட்டில் வைக்கலாம் என்று கொத்தனாரும் சொன்னார், அவன் மனைவியும் சொன்னாள். முன்னால்தான் வைக்கவேண்டும் என்று நான் ஒருவன் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். நஷ்டம் அவனுக்கு, பிடிவாதம் எனக்கு. மாமாக்களுக்கு இது சௌகரியமான ஏற்பாடு. எப்படியோ, கண்ணாடித் தடுப்பு வைத்து முன்புறமே வைத்தான்.

ஆறு மாதம் கழித்து நான் போயிருந்த அன்று கடையில் நல்ல கூட்டம். வறுத்துக்கொண்டிருந்தவன் டெலிபோனை எடுக்கத் திரும்பினான். என் பாட்டி செய்யாத காரியம். அந்த இரண்டு நிமிஷத்தில் கொட்டை கறுத்துவிட்டது. தட்டில் கொட்டியபோது கடை முழுவதும் கரிந்த நெடி. ஐந்து கிலோ பச்சைக் கொட்டை, நல்ல தோட்டத்துச் சரக்கு. கருகிய கொட்டையை என்ன செய்யலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்டு, சிக்கரியையும் சற்றுக் கூட்டினால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் ஒரு கணம் தட்டைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தான். பத்துப் பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் அத்தனையையும் குப்பைக் கூடையில் கொட்டினான். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அப்படிச் செய், தம்பி" என்றார். அடுத்த ஈடு முடியும் வரையில் காத்திருந்து, அதில் கால் கிலோ தமக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்கட்டில் மிஷின் இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? அதையேதான் செய்திருப்பான் என்று மாமன் என்ற முறையில் நம்புகிறேன். ஆனால் நகையை மீட்கத் தவணை கட்டுகிற ஒரு மனிதனை அவ்வளவு பெரிய சோதனைக்கு உள்ளாக்காமல் இருப்பது நல்லது. யோக்கியனாக இருப்பதற்கு மனிதனுக்குக் கொஞ்சம் உதவி வேண்டியிருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது அந்த உதவி. 'கண் முன்னே வறு' என்று கேட்டு நின்ற நம் ஊர்ப் பெண்கள், தங்கள் காப்பியைக் காப்பாற்றிக்கொண்டதோடு கடைக்காரரின் யோக்கியதையையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பெரிய நகரங்களில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பளபளக்கிற மிஷின் வைத்து, வறுத்த தேதியைப் பையின் மேல் எழுதி விற்கிற கடைகள் பெருகி வருகின்றன. மேல்நாட்டு நாகரிகம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை. கடைவீதிப் பக்கம் போனால், அழுக்கேறிய சுவரும் பழைய உருளையுமாக, ஐம்பது அறுபது ஆண்டுகளாக அதே காரியத்தைச் செய்துவருகிற ஒரு கடை அநேகமாக உங்கள் ஊரிலும் இருக்கும். அடுத்த முறை கால் கிலோ வாங்கப் போகும்போது, அவசரப்படாமல் மிஷினுக்கு எதிரே இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். உங்களுக்கும் நல்லது; அவருக்கும் நல்லது.